அடுப்பு மூட்டாத கோடை: பிரான்சில் கொறிக்காமல் கொறிப்பது

பிரான்சில் தொலைக்காட்சியில் உருளைக்கிழங்கு சிப்ஸ் விளம்பரம் ஓடும்போது திரையின் அடியில் ஒரு வரி வந்து நிற்கும்: ‘உங்கள் உடல்நலத்துக்காக, சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே கொறிப்பதைத் தவிருங்கள்.’ 2007 முதல் தின்பண்டங்களுக்கும் இனிப்புப் பானங்களுக்கும் விளம்பரம் செய்கிறவர்கள் இப்படியொரு அறிவுரையைச் சேர்த்து வருகிறார்கள், சட்டம் அப்படி. இதற்கு உடன்பிறப்புகளும் உண்டு. நாளைக்கு 5 காய்கனிகளாவது சாப்பிடுங்கள், கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்ததைத் தவிருங்கள், உடலுக்கு வேலை கொடுங்கள் என்று மாறி மாறி வரும். விற்கிறவரே ‘வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டு விற்கும் அந்தக் காட்சி எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

அதனால்தான், ‘கோடைக்கு ஏற்ற, வயிற்றுக்கு இலகுவான பிரெஞ்சுச் சிற்றுண்டி ஏதாவது சொல்லுங்கள்’ என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் சிரிப்பு வருகிறது. இந்த நாட்டில் சிற்றுண்டிக்கென்று தனி வேளை கிட்டத்தட்ட இல்லை. இரண்டே விதிவிலக்குகள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு நாலு, நாலரை மணி வாக்கில் ‘கூத்தே’. பெரியவர்களுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ‘அப்பெரோ’. மற்ற நேரங்களில் வாய் அசைந்துகொண்டே இருப்பது அவ்வளவு நல்ல பழக்கமாகக் கருதப்படுவதில்லை. 2005 செப்டம்பர் முதல் பள்ளிக்கூடங்களில் தின்பண்ட விற்பனை இயந்திரங்களைக்கூட வைக்கக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள்.

பிறகு ‘பிரெஞ்சுச் சிற்றுண்டி’ என்று உலகம் முழுக்கப் பேசப்படுவதெல்லாம் என்ன? என் கணிப்பு இது: அவற்றில் உருப்படியானவை எல்லாம் சாப்பாட்டின் முதல் தட்டு. இங்கே ஒரு முறையான சாப்பாடு முன்னுணவு, முக்கிய உணவு, இனிப்பு என்று மூன்று பகுதியாக வரும். வெயில் ஏறும்போது முக்கிய உணவின் மேல் ஆசை போய்விடுகிறது. முன்னுணவு மட்டும் பிரிந்து வந்து தனியாக நிற்கிறது. முள்ளங்கி, துருவிய கேரட், வெள்ளரிக்காய், ஒரு கிண்ணம் தயிர்ப்பாலாடை, ஒரு துண்டு முலாம்பழம். இதைச் சிற்றுண்டி என்று அழைப்பவர் அழைக்கலாம். அந்தத் தட்டுக்கு ஒரு நேரமும் ஒரு நாற்காலியும் இருக்கிறது என்பதுதான் அதை உடம்புக்கு நல்லதாக ஆக்குகிறது.

நான் குடியிருப்பது பாரிஸில் ஒரு பழைய கட்டடத்தின் உச்சி மாடியில். தலைக்கு மேலே துத்தநாகத் தகட்டுக் கூரை. இந்தக் கூரை வேயும் கைத்திறனை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தெருவிலிருந்து பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஜூலை மாதத்தில் அதற்கடியில் படுத்து எழுந்தவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்களா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி பதிவானது. அதற்கு ஒரு மாதம் முன்னால் தெற்கே வெரார்க் என்ற சிற்றூரில் 46 டிகிரியைத் தொட்டு, நாட்டின் உச்சமாக எழுதி வைத்தார்கள். வீடுகளில் குளிர்சாதனம் அரிது. காலையிலேயே சன்னலின் வெளிக்கதவுகளைச் சாத்தி வீட்டை இருட்டாக்கிவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு திறந்து விடுவதுதான் வழக்கம். அப்படி அரும்பாடுபட்டுக் காப்பாற்றிய குளிர்ச்சியை ஒரு வாணலி பத்து நிமிடத்தில் விரட்டிவிடும். ஆகவே எனக்கு முதல் விதி, அடுப்பு மூட்டக்கூடாது.

இலகுவான உணவு என்றதும் பட்டினி என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. 2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் அரசு வெளியிடும் அறிவுரைகளில், தண்ணீர் குடியுங்கள், மது வேண்டாம் என்பவற்றோடு ‘போதுமான அளவு சாப்பிடுங்கள்’ என்ற வரியும் இருக்கிறது. வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் போன உப்பு திரும்பாது. பசி இல்லாத நாளில் சிறு தட்டு ஒன்றுக்கு மருத்துவ நியாயமே இருக்கிறது.

என் பட்டியலில் முதலிடம் முள்ளங்கிக்கும் வெண்ணெய்க்கும். நீண்ட வெள்ளை முள்ளங்கியைச் சொல்லவில்லை. சுண்டுவிரல் அளவில், மேலே இளஞ்சிவப்பும் நுனியில் வெள்ளையுமாக இருக்கும் குட்டி முள்ளங்கி. ‘18 நாள் முள்ளங்கி’ என்றே ஒரு வகை உண்டு. விதைத்துப் பதினெட்டு நாளில் பறித்துவிடலாம் என்ற பெருமை அதற்கு. சந்தையில் இலையோடு கட்டாக விற்பார்கள். வாங்கி வந்ததும் முதல் வேலை இலையை வெட்டுவது. விட்டுவைத்தால் கிழங்கின் ஈரத்தை இலை உறிஞ்சிவிடும். பிடித்துக் கடிக்க வசதியாகக் காம்பு கொஞ்சம் இருக்கட்டும். ஐஸ் போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் ஊறினால் கடிக்கும்போது சத்தம் கேட்கும் அளவுக்கு விறைப்பு வந்துவிடும். நுனியில் சிலுவைபோல் கீறி, அந்தப் பிளவில் குளிர்ந்த வெண்ணெயைக் கொஞ்சம் வைத்து, உப்புக் கல்லில் தொட்டுச் சாப்பிட வேண்டும். வெண்ணெய் உருகியிருக்கக்கூடாது. உருகினால் இந்தப் பண்டத்துக்கே பொருள் இல்லை.

வெண்ணெய் எது என்பதில் இந்த நாடு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பிரான்சின் வடமேற்குக் கடலோரத்துப் பிரித்தானி பகுதிக்காரர்கள் உப்பு போட்ட வெண்ணெய் அல்லாமல் வேறொன்றைத் தொடமாட்டார்கள். அதற்குப் பின்னால் வரி விதிப்பு பற்றிய ஒரு கதை இருக்கிறது. முடியாட்சிக் காலத்தில் ‘கபேல்’ என்ற உப்பு வரி மக்களை வாட்டியது. பிரித்தானிக்கு அதிலிருந்து விலக்கு. கடலோரத்தில் உப்பளம், வரியும் இல்லை. அவர்கள் தாராளமாக வெண்ணெயில் உப்பைக் கலந்தார்கள். மற்றவர்கள் உப்பில்லாத வெண்ணெய்க்குப் பழகினார்கள். புரட்சிக் காலத்தில், 1790இல், அந்த வரி ஒழிந்தது. நாக்கு மாறவில்லை. இன்று கடையில் அரை உப்பு வெண்ணெய் என்று விற்பதில் 0.5 முதல் 3 சதவீதம் வரை உப்பு இருக்கும். முள்ளங்கிக்கு அதுவே போதும், மேலே தனியாகத் தூவ வேண்டியதில்லை. உப்பில்லாததை வாங்கியவர்கள் கெராந்து உப்பளத்தின் மெல்லிய மேலுப்பைக் கிள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.

வெண்ணெயை வைத்துக்கொண்டு உடல்நலம் பேசுகிறாயா என்று கேட்பீர்கள். முள்ளங்கியில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். ஒரு கட்டு முழுவதையும் தின்றாலும் சொல்லிக்கொள்ளும்படி கலோரி கிடையாது. கூட வரும் 5 கிராம் வெண்ணெயில் 37 கலோரி போல இருக்கும். அந்தச் சிறு துளிக் கொழுப்புதான் காரத்தை அடக்கி, வயிற்றுக்குச் ‘சாப்பிட்டாயிற்று’ என்ற நிறைவையும் தருகிறது. கொழுப்பு குறைந்த மார்கரினைத் தடவித் தின்பதைவிட வெறும் முள்ளங்கியைத் தின்றுவிட்டு எழுந்துவிடலாம். ஒரே எச்சரிக்கை: கடும் வெயிலில் விளைந்த முள்ளங்கி காரம் ஏறி உள்ளே பஞ்சாகிவிடும். விரலால் அழுத்தினால் அமுங்குகிறதா, வாங்காதீர்கள். ஜூலை நடுவில் நான் வெள்ளரிக்காய்க்கு மாறிவிடுவேன்.

வெள்ளரிக்காயை மெல்லிய வில்லைகளாக்கி உப்புத் தூவி, நீர் விட்ட பின் பிழிந்து, கிரீமில் கலப்பது பழைய வீட்டு வழக்கம். வெயில் நாளில் அந்த நீரைப் பிழிந்து கொட்டுவது எனக்குப் புரியாத வீணடிப்பு, அதற்காகத்தானே வெள்ளரிக்காயே. நான் பிழிவதில்லை, கிரீமும் இல்லை, கெட்டித் தயிரும் எலுமிச்சைச் சாறும் புதினாவும் போதும். இதையே மிக்ஸியில் அடித்துக் குளிரவைத்தால் ஒரு வேளை சூப். குளிர்ந்த பிரெஞ்சு சூப் என்றால் எல்லோரும் சொல்லும் விஷிஸுவாஸ் நியூயார்க்கில், ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டலில், லூயி தியா என்ற பிரெஞ்சுச் சமையற்காரர் 1917இல் பெயர் வைத்துப் பரிமாறியது. உருளைக்கிழங்கும் வெங்காய இனத்து லீக்ஸும் வேக வேண்டும், கிரீமும் நிறைய. கேட்க நன்றாக இருக்கும். 40 டிகிரியில் அதைச் சமைக்க வேண்டியவர் நான் என்பதால் ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

துருவிய கேரட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளி உணவுக்கூடத்திலிருந்து பெருங்கடை அலமாரி வரை எங்கும் இருக்கிறது. கடையில் வாங்கியது புளித்த ஈரத்தில் மிதக்கும். வீட்டில் மெல்லியதாகத் துருவி எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், அரைத் தேக்கரண்டி திஜோன் கடுகு விழுது, பார்ஸ்லி சேர்த்தால் ஐந்து நிமிட வேலை. வினிகர் கலவைக்குப் பாடநூல் சொல்லும் கணக்கு எண்ணெய் மூன்று பங்கு, வினிகர் ஒரு பங்கு. கோடையில் எண்ணெயை இரண்டு பங்காகக் குறைத்தாலும் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

கெட்டித் தயிர் என்று மேலே சொன்னேன். இங்கே அதற்கு ஒன்றுவிட்ட உறவு ஒன்று இருக்கிறது. ‘ஃப்ரொமாஜ் பிளாங்’, முதலில் சொன்ன தயிர்ப்பாலாடை. பாலைப் புளிக்கவைத்துத் திரித்து, நீரை வடித்து, வழவழப்பாக அடித்தது. சீஸ் என்று பெயர் இருந்தாலும் முதிரவிடாத, அன்றன்றைக்குச் சாப்பிட வேண்டிய பொருள். கொழுப்பு நீக்கியதும் கிடைக்கிறது, முழுப்பாலில் செய்ததும் கிடைக்கிறது. என் வாக்கு முழுப்பாலுக்கு. கொழுப்பு நீக்கியது சுண்ணாம்புபோல் நாக்கில் ஒட்டும். லியோன் நகரில், பட்டு நெசவாளர்களின் பெயரைத் தாங்கிய ‘செர்வெல் த கனூ’ என்ற பண்டத்துக்கு அடிப்படை இதுதான். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், மெல்லிய வெங்காயத்தாள் போன்ற சிபுலெத், பார்ஸ்லி, துளி பூண்டு, உப்பு, மிளகு, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் வினிகர், அவ்வளவையும் சேர்த்து அடித்து இரண்டு மணி நேரம் குளிரவைப்பார்கள். இறைச்சியும் உள்ளுறுப்புமாகக் கனத்த சாப்பாட்டுக்குப் பேர்போன ஊரில் இது எப்படித் தப்பிப் பிறந்தது என்று வியப்பேன். பச்சைக் காய்களை இதில் தொட்டுச் சாப்பிடலாம், தடித்த ரொட்டியில் தடவலாம். புரதமும் கால்சியமும் இருப்பதால் மாலைத் தட்டில் இது இருந்தால் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டாலும் குறையில்லை.

தெற்கே போனால் தட்டின் நிறம் மாறும். கறுப்பு ஆலிவ், கேப்பர் மொட்டு, நெத்திலி, ஆலிவ் எண்ணெய் எல்லாவற்றையும் அரைத்த ‘தப்பனாத்’ புரோவான்ஸ் பகுதியின் சொத்து. கேப்பர் இல்லாமல் வெறும் ஆலிவ் விழுதைத் தப்பனாத் என்று குப்பியில் விற்கிறார்கள். சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். நெத்திலியைப் பூண்டோடும் எண்ணெயோடும் குழைத்தது ‘ஆன்ஷொயாத்’. பெருஞ்சீரகக் கிழங்கு, செலரித் தண்டு, பச்சைக் குடைமிளகாய் ஆகியவற்றை நீளவாக்கில் நறுக்கி இதில் தொட்டுக்கொள்வார்கள். இரண்டுமே உப்பு மூட்டைகள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கத்தி முனையில் தடவிக்கொள்ள வேண்டும், கரண்டியில் அள்ளக்கூடாது.

நீஸ் நகரத்தின் ‘பன் பஞ்ஞா’ சிற்றுண்டி என்ற எல்லையைத் தாண்டியது, ஆனாலும் விட மனமில்லை. வட்ட ரொட்டியைப் பிளந்து பூண்டு தேய்த்து ஆலிவ் எண்ணெயில் நனைத்து, தக்காளி, முள்ளங்கி, வெங்காயத்தாள், துளசியின் உறவான பேசில் இலை, கறுப்பு ஆலிவ், வேகவைத்த முட்டை, சூரை மீன் அல்லது நெத்திலி என்று அடுக்கி, அமுக்கி வைப்பார்கள். தக்காளிச் சாறும் எண்ணெயும் ரொட்டிக்குள் இறங்க நேரம் வேண்டும். மயோனைஸ் போட்டால் அந்த ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். வேகவைத்த உருளைக்கிழங்கையோ பீன்ஸையோ வைத்தால் சண்டைக்கே வருவார்கள். சமையல் விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. இந்த ஒன்றில் அவர்கள் பக்கம்தான் நான். பாதியை நறுக்கிச் சாப்பிட்டால் மதியம் முடிந்தது. அதே ஊரின் சொக்காவை, அதாவது கொண்டைக்கடலை மாவும் தண்ணீரும் ஆலிவ் எண்ணெயும் கரைத்து விறகு அடுப்பில் சுடும் பெரிய அடையை, வீட்டில் செய்யச் சொல்லும் கோடைக் குறிப்புகளைப் பார்த்தால் எழுதியவர் குளிர்சாதன அறையில் இருக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். கடையில் வாங்கி, மிளகு தூவி, சூடாக அங்கேயே தின்றுவிட்டு வர வேண்டியது அது.

அடுப்பு மூட்டக்கூடாது என்ற விதியை நான் ஒன்றுக்காக மட்டும் மீறுகிறேன். ஆர்ட்டிசோக். பிரித்தானியில் விளையும் உருண்டையான பெரிய மொட்டு. விடியற்காலையில், சன்னல்கள் திறந்திருக்கும்போதே வேகவைத்துவிட வேண்டும். அளவைப் பொறுத்து அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகும். அடி இதழ் ஒன்றை இழுத்தால் எதிர்ப்பில்லாமல் கையோடு வர வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்து நீரை வடித்துக் குளிரவைத்தால் மாலைக்குத் தயார். சாப்பிடும் முறைதான் இதன் அழகு. இதழை ஒவ்வொன்றாகப் பிய்த்து, அடிப்பகுதியைக் கடுகு வினிகர் கலவையில் தொட்டு, பல்லால் சதையை மட்டும் உரித்துக்கொண்டு மீதியைத் தட்டில் போட வேண்டும். ஒவ்வோர் இதழிலும் கிடைப்பது எறும்புக்குப் போதுமான சதை. முப்பது நாற்பது இதழ் தாண்டிய பின் நடுவில் முடிபோன்ற கொத்து வரும். அதைச் சுரண்டி எறிந்தால் அடியில் தட்டையான, மெத்தென்ற இதயம். அவசரக்காரர்களுக்கு இது தண்டனை. கைபேசியைப் பார்த்துக்கொண்டே தின்ன முடியாத உணவு என்று ஒன்று உண்டென்றால் இதுதான். இரண்டு கையும் எண்ணெய். சாப்பிட்டு முடிக்கும்போது வந்ததைவிட இரண்டு மடங்கு குப்பை தட்டில் குவிந்திருக்கும், அரை மணி நேரம் போயிருக்கும், வயிற்றில் நார்ச்சத்து மிகுந்த ஒரு கைப்பிடி காய் இறங்கியிருக்கும். தெற்கத்திய ஊதா நிறக் குட்டி வகை வேறு. இளசாக இருந்தால் அதை வேகவைக்காமல் உப்போடு பச்சையாகவே மெல்லலாம்.

இவை எல்லாவற்றுக்கும் துணையாக ரொட்டி வரும், கொழுப்பைவிட அதில்தான் அளவு தப்பும். நீளக் கழி போன்ற பகெத் ரொட்டியில் ‘பாரம்பரிய’ என்று எழுதியிருந்தால் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேதிச் சேர்மானம் எதுவும் இருக்கக்கூடாது என்று 1993 அரசாணை சொல்கிறது. அதையே கேட்டு வாங்குங்கள். சுமார் 250 கிராம் எடையுள்ள ஒன்றை மூன்று பேர் பகிர்ந்தால் சரி. ஒருவரே முடித்துவிட்டு, முள்ளங்கி இலகுவான உணவு என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை.

அப்பெரோ வேளையைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். நல்லெண்ணத்தோடு வெட்டிவைத்த வெள்ளரிக்காயின் பக்கத்தில் சிப்ஸ் பொட்டலமும், உலர்ந்த பன்றித் தொத்திறைச்சி வில்லைகளும், உப்புக் கடலையும் வந்து உட்காரும். நீர்த்த சோம்பு மதுவும் குளிர்ந்த ரோஸே வைனும் இருக்கும். பேச்சு நீளும். இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்குத் தள்ளிப்போகும். உடம்பு ஏற்கெனவே நீர் இழந்திருக்கும் நாளில் மது அதை இன்னும் இழக்கவைக்கிறது. ‘பிரெஞ்சுக்காரர்கள் இலகுவாகச் சாப்பிடுகிறார்கள்’ என்ற புகழுரையை எழுதுகிறவர்கள் இந்த மேசைக்கு அழைக்கப்பட்டிருக்க வாய்ப்பில்லை. என் தந்திரம் ஒன்று: காய்த் தட்டை முதலில், தனியாக, எல்லோரும் பசியோடு இருக்கும்போது வைத்துவிடுவேன். சிப்ஸ் கால் மணி நேரம் கழித்துத்தான் சமையலறையிலிருந்து வெளியே வரும். விருந்தோம்பலில் குறை என்று இதுவரை யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை.

பிள்ளைகளின் நாலு மணி வேளைக்கு ரொட்டித் துண்டில் இரண்டு கட்டம் சாக்லேட் வைத்துத் தருவது பழைய வழக்கம். வெயிலில் சாக்லேட் கையில் வழியும், பழம் நல்லது. ஜூனில் செர்ரி, ஜூலையில் ஏப்ரிகாட்டும் பீச்சும், ஆகஸ்டில் லொரேன் பகுதியின் மஞ்சள் மிரபெல் பிளம். ஸ்ட்ராபெரியை நறுக்கிப் புதினாவும் எலுமிச்சையும் சேர்த்து அரை மணி ஊறவைத்தால் தானே சாறு விட்டுக் குளிர்ந்த ‘சூப்’ ஆகிவிடும், சர்க்கரை வேண்டியதில்லை. ஏப்ரிகாட்டை மட்டும் பழுக்கும் முன் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், மாவாகிவிடும்.

பழங்களில் அரசன் முலாம்பழம்தான், கவாயோன் ஊரின் பெயரில் விற்பது. எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமா இதற்காகச் செய்த பேரம் இலக்கிய உலகிலேயே எனக்குப் பிடித்த ஒப்பந்தம். 1864இல் அந்த ஊர் நூலகம் அவருடைய நூல்களைக் கேட்டபோது, தருகிறேன், பதிலுக்கு ஆயுள் முழுக்க ஆண்டுக்கு 12 முலாம்பழம் அனுப்புங்கள் என்றார். நகர மன்றம் ஒப்புக்கொண்டது. எழுத்துக்கு இதைவிட மதிப்பான கூலி எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது? தேர்ந்தெடுக்கும்போது தூக்கிப் பாருங்கள், அளவுக்கு மீறிய கனம் இருக்க வேண்டும். காம்பைச் சுற்றி வெடிப்பு விட்டிருந்தால் பழுத்துவிட்டது. அடிப்பக்கத்தை முகர்ந்தால் இனிப்பு வாசம் வரும். புளித்த வாசம் வந்தால் வைத்துவிடுங்கள். தண்ணீரே சுமார் 90 சதவீதம் உள்ள பழத்தைச் சர்க்கரையில் புரட்டுவதும் போர்ட் ஒயினை ஊற்றுவதும் பழையகால விருந்துப் பழக்கம். ஒரு சிட்டிகை மிளகு போட்டுப் பாருங்கள்.

வெளியே கொண்டுபோவதென்றால் ஒரு சங்கதி. தயிர்ப்பாலாடை, முட்டை, மீன் சேர்ந்தவை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஐஸ் பட்டை வைத்த பை இல்லையென்றால் செர்ரியும் முள்ளங்கியும் மட்டும் போதும், வெண்ணெயை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

குடிக்க, புதினா சர்பத்தைத் தண்ணீரில் கலந்து பச்சைப் பசேலென்று தருவார்கள், பெரும்பாலும் சர்க்கரை. எலுமிச்சையைப் பிழிந்து, தண்ணீர்க் குடுவையும் சர்க்கரையும் தனித்தனியாகக் கொண்டுவரும் ‘சித்ரோன் பிரெஸ்ஸே’ அதைவிட மேல், இனிப்பு உங்கள் கையில். உணவகத்தில் குழாய்த் தண்ணீர்க் குடுவை இலவசம், கேட்கத் தயங்க வேண்டாம். தெருவில் என்றால் பாரிஸின் பச்சை இரும்பு வாலஸ் நீரூற்றுகள் 1872 முதல் நிற்கின்றன. 2010இல் ரெய்யி பூங்காவில் தொடங்கி, குமிழி விடும் குளிர்ந்த தண்ணீரைக் காசில்லாமல் தரும் குழாய்களையும் மாநகராட்சி அமைத்து வருகிறது. காலி பாட்டிலை மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும்.